ஆறு இதழும் ஒரு கண்மைப் பொட்டும்

பிரஷர் பார்க்கிற பட்டையைக் கையில் சுற்றினாலே என் ரத்தத்துக்குக் குஷி வந்துவிடும். அதுவரை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பது, நர்ஸ் அந்த ரப்பர் பந்தை இரண்டு அமுக்கு அமுக்கியதும், திருவிழாவில் ராட்டினம் ஏறிய பிள்ளை மாதிரி மேலே மேலே போகும். வீட்டில் பார்த்தால் சுமார். மருந்துக் கடையில் பார்த்தால் கொஞ்சம் அதிகம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில், அதுவும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வைத்துப் பார்த்தால், பார்க்கிறவர்கள் ஒருமுறை மிஷினைத் தட்டிப் பார்ப்பார்கள்.

எனக்கு நைனார்பாளையத்தில் மாவு மில். மூட்டை தூக்கித் தூக்கிக் குடலிறக்கம் வந்துவிட்டது. இடத்தைச் சொல்லக் கூச்சம். யாராவது கேட்டால் "வயித்துலதான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அவர்கள் கொண்டுவந்த கேழ்வரகில் கல் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிடுவேன். ஆபரேஷன் பெரிய வேலை இல்லை என்றார் டாக்டர். ஆனால் பிரஷர் இறங்காமல் கத்தியைத் தொட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் பச்சை அங்கியை மாட்டிவிட்டு, கழற்றச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த அங்கிக்குப் பின்பக்கம் கிடையாது என்பது போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் முறை நான் சுவரோடு சுவராக நகர்ந்து வெளியே வந்தபோது, பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா, அதுக்குள்ள வந்துட்ட? அறுத்துட்டாங்களா, அங்கேர்ந்தே தொரத்திட்டாங்களா?"

இரண்டாவது முறை அந்த நர்ஸ் சிஸ்டரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டார்.

"ஐயா, உள்ள வந்ததுலேர்ந்து ஒரு வாட்டியாவது வாய மூடுனீங்களா? நானும் பாத்துக்கினுதான் இருக்கேன். கையில பட்டைய சுத்துறேன், இந்தப் பட்ட எந்த ஊர்ல தைக்கறாங்கன்னு கேக்கறீங்க. பேசினா பிரஷர் ஏறும், தெரியுமா தெரியாதா?"

"எந்த ஊர்லதான் சிஸ்டர் தைக்கறாங்க?"

அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் என் சீட்டைப் பார்த்தார். மாத்திரையை ஒரு வேளை கூட விடக் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும், மூட்டை தூக்கக் கூடாது, எட்டு வாரம் கழித்து வரவும். எழுதிக் கொடுத்துவிட்டு, "மனச அமைதியா வெச்சுக்கங்க" என்றார். மாத்திரைக்குக் கடை இருக்கிறது. அமைதிக்கு எங்கே போவேன்? நான் இருப்பது மாவு மில்.

மில்லில் மோட்டார் ஓடினால் காதோரம் வந்து கத்தினால்தான் கேட்கும். இருபது வருஷமாகக் கத்தியே பேசிப் பழகிவிட்டேன். வரிசையில் நிற்கிற சனங்களிடம் பேசாமல் எனக்கு அரைவையே ஓடாது. நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். மற்றதையெல்லாம் வாளியோடு நின்றவர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். யாராவது நல்ல பேச்சு ஒன்று பேசிவிட்டால் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன். இப்படி ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சேர்ந்திருக்கிறது.

நான் தூக்கக் கூடாது என்றதும் மூட்டையெல்லாம் என் மனைவி தலையில் விழுந்தது. அவள் என் தோள் உயரம்கூட இருக்க மாட்டாள். மூட்டையைத் தரையிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து மிஷினின் மேல்தொட்டிக்கு என்று மாடி மாடியாக ஏற்றுவாள். ஒரு நாள் மூட்டையை இடுப்பில் வைத்தபடியே சொன்னாள்.

"மூணாவது வாட்டியும் திரும்பி வந்தன்னா, மில்ல யாருக்காச்சும் வுட்டுட்டு நாம வூட்டுல ஒக்கார வேண்டியதுதான். என் இடுப்பு இன்னா இரும்பா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலம் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் எதிரே வந்ததும் தைலப் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துவிட்டாள். இது மட்டும் காலண்டர் தாளில் எழுதாமலே நினைவில் நின்றுவிட்டது.

அந்தச் சனிக்கிழமைதான் டிராயிங் டீச்சர் வந்தார். கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. சனிக்கிழமையானால் பஸ்ஸில் இறங்கி வருவார். தனக்கு மிளகாய், அக்கம்பக்கத்து மலைக்காரர்களுக்குச் சாமை என்று இரண்டு பை. என் குடல் கதை, பிரஷர் கதை, பச்சை அங்கிக் கதை எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அண்ணா, மோட்டார் நின்னு ரொம்ப நேரமாச்சு."

பார்த்தால் உண்மைதான். கரண்ட் போயிருந்தது. என் குடலைப் பற்றித் தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது.

டீச்சர் கைப்பையைத் துழாவி ஒரு காம்பஸ், அதான் கவராயம், எடுத்தார். பிள்ளைகள் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருப்பது. காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு ஒரு வட்டம் போட்டார். "இந்த ரெண்டு கால் இருக்குற அகலத்த மாத்தவே கூடாது. அது ஒண்ணுதான் சட்டம்" என்றார். ஊசியை வட்டத்தின் கோட்டு மேலேயே வைத்து இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டுகிற இடத்தில் ஊசியை வைத்து அடுத்தது. அப்படியே சுற்றிக்கொண்டு போனார். நடு வட்டத்தைச் சுற்றி ஆறாவது வட்டம் போட்டதும், அது புறப்பட்ட புள்ளியில் வந்து கச்சிதமாக உட்கார்ந்தது. நடுவில் ஆறு இதழோடு ஒரு பூ.

நான் வாயடைத்துப் போனேன். என் வாழ்க்கையில் அது எத்தனை நேரம் நீடித்தது என்று யாராவது கணக்கெடுத்திருக்கலாம்.

"யாரு டீச்சர் இத அளந்து வெச்சது?"

"யாரும் அளக்கல. எந்த வட்டமா இருந்தாலும் அப்படித்தான் வரும்."

"சின்ன வட்டம்னா?"

"ஆறுதான்."

"இந்த மில்லு அகலத்துக்குப் போட்டா?"

"ஆறுதாண்ணா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. காம்பஸைப் பிடுங்கி நானே போட்டேன். பெரிதாகப் போட்டேன், சின்னதாகப் போட்டேன், தேதித்தாள் ஒரு வாரத்துக்கு முன்னால் ஓடிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஆறாவது வட்டம் வீட்டு மாடு மாதிரி தானாக வாசலுக்கு வந்து நின்றது. தாளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன்.

"இத பாரு! ஆறு! சரியா ஆறு!"

அவள் கேழ்வரகைப் புடைத்துக்கொண்டிருந்தாள். "சரி. நாளைக்கு ஏழு வந்துச்சுன்னா கூப்பிடு" என்றாள்.

இதைப் பல தேசத்திலும் புனிதமான வடிவம் என்று வைத்துக் கும்பிடுகிறார்கள் என்றார் டீச்சர். நம் ஊர் ஸ்ரீசக்கரம்கூட இப்படி அளவில் பிறந்த உருவம்தானாம். பள்ளிக்கூடம் விட்டதும் அவர் மலையில் தனியாக உட்கார்ந்து வாட்டர் கலரில் இதைத்தான் போடுவாராம். அடுத்த முறை வரும்போது எனக்கும் ஒரு கலர் பெட்டி, இரண்டு பிரஷ், கெட்டித் தாள் கொஞ்சம் வாங்கி வந்தார். சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். மூச்சை உள்ளே இழுக்கும்போது பிரஷைக் கலரில் தொட வேண்டும். மூச்சை விடும்போது இதழை நிரப்ப வேண்டும். ஒரு இதழ் காயாமல் பக்கத்து இதழைத் தொடவே கூடாது. தொட்டால் கலர் கரை தாண்டி ஓடிவிடும். எதிர் இதழுக்குப் போகலாம். இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்! என்னிடம் யாரும் கேட்காத வேலை.

முதல் பூ சாணி உருண்டை போல வந்தது. இரண்டாவதில் நீலம் ஓடிப்போய் மஞ்சளைக் கட்டிக்கொண்டு பச்சையாய்க் குடும்பம் நடத்தியது. பிரஷ் இதழின் நுனிக்குப் போகிறபோது பேச முடியாது என்பதை மூன்றாவதில்தான் கண்டுபிடித்தேன். பேசினால் தாடை அசையும், தாடை அசைந்தால் கை அசையும். வாயை மூடினால் மூச்சுச் சத்தம் கேட்டது. எனக்கு ஒரு மூச்சு இருப்பதும் அது இவ்வளவு சத்தமாகப் போய்வருவதும் அதுவரை தெரியாது. எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்ததில் இதழ் கோணிக்கொண்டது.

மில்லில் வைத்துத்தான் போடுவேன். அரிசி அரைக்கிற அன்று பறக்கிற மாவு ஈர நீலத்தின் மேல் உட்கார்ந்து, காய்ந்ததும் குட்டிக் குட்டி நட்சத்திரமாக வெளுத்தது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "எந்த உப்பு தூவுனீங்க? எனக்கு இவ்ளோ நல்லா வர்றதில்லயே" என்று ஆச்சரியப்பட்டார். ஓவியர்கள் அதற்காகவே ஈரத்தில் கல் உப்பு தூவுவார்களாம். "உப்பு இல்ல டீச்சர், ஐ.ஆர். இருபது அரிசி மாவு" என்றேன். மிளகாய் அரைக்கிற நாளில்தான் வம்பு. ஒரு தும்மலுக்குச் சிவப்பு மூன்று இதழ் தாண்டி வேட்டிக்கு வந்தது.

எங்கள் மில்லுக்குத் தினமும் வருகிறவர் இட்லிக் கடை அக்கா. மிளகாய்க்கு அடுத்த அரைவை தன்னுடையது என்றால் மட்டும் மிஷினில் முதலில் ஒரு பிடி நொய் ஓட்டிக் கழுவச் சொல்லி நிற்பார். மற்றபடி தங்கமானவர். அவர் வாளியை இறக்கி வைத்துவிட்டு என் தாளை எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா தம்பி கவராயத்த வெச்சிக்கினு கஷ்டப்பட்டுக்கினு இருக்க?"

"இது புனித வடிவம்கா."

"அய்ய. அஞ்சு புள்ளி, இடப்புள்ளி மூணு. தெனமும் வாசல்ல காலால மிதிச்சிக்கினு போறீங்களே, அதான்."

குனிந்தார். தரையில் படிந்திருந்த மாவிலேயே விரலால் புள்ளி வைத்தார். நடுவில் ஐந்து, இருபுறமும் நான்கு நான்கு, பிறகு மூன்று மூன்று. எனக்கு ஒரு சந்தேகம் வந்து எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது. டீச்சர் மாதிரிக்குக் கொடுத்திருந்த படத்தில் பெரிய பூவுக்கு எத்தனை வட்டம் போட வேண்டும் என்று எழுதியிருந்தார் தெரியுமா? பத்தொன்பது! ஒவ்வொரு புள்ளியும் ஒரு வட்டத்துக்கு நடுப்புள்ளி. எந்தத் தேசத்தாரோ கும்பிடுகிற பூவை எங்கள் இட்லிக் கடை அக்கா விடியற்காலையில் அரைத் தூக்கத்தில் போட்டுவிட்டு அடுப்புப் பற்ற வைக்கப் போகிறார். நான் குதித்தேன். மனைவி உள்ளிருந்து, "குதிக்காத, குடல் எறங்கும்!" என்று கத்தினாள்.

அக்கா புள்ளிகளைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தபோது கை வழுக்கி, இருக்கக் கூடாத இடத்தில் ஒரு புள்ளி விழுந்துவிட்டது.

"போச்சுக்கா, தப்பாயிடுச்சு."

"இன்னா போச்சு? அதே தப்ப மத்த பக்கமும் வெச்சிட்டா அதுவும் கோலந்தான்." சுற்றி வர மளமளவென்று வைத்தார். முன்னைவிட நன்றாக இருந்தது. நான் காலண்டர் தாளைக் கிழித்து அதை எழுதிக்கொண்டேன்.

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. கரும்பு போட்டிருக்கிற ஒருவர் கம்பு அரைக்க வந்தார். கரும்பு முற்றி நிற்கிறது, ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரவில்லை என்று புலம்பியவர், சுவரில் காயப்போட்டிருந்த பூக்களைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பூசையில வெக்கற எந்திரமா?" என்றார். இல்லை, அமைதிக்குப் போடுகிற படம் என்று நான் சொல்லச் சொல்ல, கோணல் இதழ் ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அவருடைய முறை வந்திருக்கும் போலிருக்கிறது, இரண்டாம் நாள் உத்தரவு வந்துவிட்டது. அவ்வளவுதான். மறுநாள் மில் வாசலில் நான்கு பேர், அரைக்க ஒன்றும் கொண்டுவராமல். ஒருவருக்கு போர்வெல் போட்டால் தண்ணீர் வர வேண்டும். ஒருவர் மாடு கன்று போட வேண்டும், அதுவும் கிடேரியாக. என் நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது. அமைதிக்காகப் போட்ட பூவால் இருந்த அமைதியும் போயிற்று.

என் மனைவி முறத்தோடு வெளியே வந்தாள்.

"இந்த ஆளு ஆபரேஷனுக்கே உத்தரவு வாங்க முடியாம ரெண்டு வாட்டி திரும்பி வந்துட்டாரு. உங்களுக்கு எங்கேர்ந்துங்க வாங்கித் தரப்போறாரு?"

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நியாயமாகத்தான் பட்டிருக்க வேண்டும். கலைந்துபோனார்கள்.

ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை டீச்சர் கூப்பிட்டார் என்று நானும் மனைவியும் மலைக்குப் போனோம். பஸ் வளைவுக்கு வளைவு திரும்பும்போதெல்லாம் இந்த வளைவு எந்த வட்டத்தின் பகுதி என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். என் மனைவி ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டாள். மேலே ஒருவர் பலா மரத்தடியில் தேன் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்தது போக ஒரு துண்டு தேனடையை உலர்த்தி வைத்திருந்தார். கையில் வாங்கிப் பார்த்தேன். ஆறு பக்கம். ஒவ்வொரு அறையும் ஆறு பக்கம்.

"டீச்சர்! இதுங்களுக்கு யாரு டீச்சர் கவராயம் குடுத்தது?" என்று நான் போட்ட கூச்சல் எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்திருக்கும்.

தேன்காரர் உதட்டில் விரலை வைத்து மேலே காட்டினார். எங்கள் தலைக்கு நேர் மேலே கிளையில் இன்னொரு அடை, ஆள் குடியிருக்கிற அடை, கருகருவென்று மினுங்கிக்கொண்டிருந்தது. நான் மூச்சை உள்ளே இழுத்தேன். மெதுவாக வெளியே விட்டேன். இதழ் நிரப்புகிற மாதிரியே. அப்படியே பின்னாலேயே நடந்து பஸ் நிற்கிற இடம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. "தெனமும் ஒரு தேனடைய உன் தலைக்கு மேல கட்டி வுட்டா போதும் போலகீது" என்றாள் மனைவி.

இறங்கி வந்ததும் பத்தொன்பது வட்டத்துப் பெரிய பூவை ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஆயிற்று. நடுப்பூவுக்கு இளம் மஞ்சள். சுற்றி வரப் பச்சை, அதற்கு வெளியே மலை தூரத்தில் தெரிகிற நீலம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு இதழ்தான். காய்கிறவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிரே என் மனைவி மூட்டையைத் தொடைக்கு ஏற்றுவாள், இடுப்புக்கு ஏற்றுவாள். நான் எழுந்தால், "ஒக்காரு. நீ அந்தப் பூவ ஒழுங்கா போடு, நான் இந்த மூட்டைய போடறேன். யாருது மொதல்ல முடியுதுன்னு பாக்கலாம்" என்பாள். எட்டு வாரம் முடிய ஒரு நாள் இருக்கும்போது கடைசி இதழ் காய்ந்தது. ஒரு சொட்டுக்கூடக் கரை தாண்டவில்லை. நானா போட்டேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. வரிசையில் நின்றவர்களெல்லாம் பார்த்தார்கள். இட்லிக் கடை அக்கா, "அய்யோ, கண்ணே பட்டுடும் தம்பி" என்றார். என் மனைவி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தாள். அவள் முறத்தைக் கீழே வைத்ததே எனக்குப் பெரிய பாராட்டாக இருந்தது.

பட்டையைச் சுற்றும்போது அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லியிருந்தார் டீச்சர். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அதே சிஸ்டர். "வாங்கய்யா. இன்னைக்கு இன்னா கேக்கப் போறீங்க?"

"ஒண்ணும் கேக்க மாட்டேன் சிஸ்டர்" என்று சொன்னேன். சொன்னதும் பேச்சுதானே. பட்டையைச் சுற்றினார், அமுக்கினார், உதட்டைப் பிதுக்கினார். "போன வாட்டிக்கு எவ்ளவோ கம்மி. ஆனாலும் ஜாஸ்திதான். பத்து நிமிஷம் சும்மா ஒக்காருங்க, திரும்பப் பாக்கறேன். அப்பவும் எறங்கலன்னா டாக்டர் அனுப்பிடுவாரு."

பத்து நிமிஷம். பச்சை அங்கியோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். மனைவி பக்கத்தில் நின்றாள், ஒரு கை இடுப்பில். மஞ்சப்பையிலிருந்து அட்டையை எடுத்துப் பிரித்தேன்.

நடுப்பூவில், இளம் மஞ்சள் இதழ் ஒன்றில், விரல் நுனி அகலத்துக்குக் கரேலென்று ஒரு பொட்டு.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பூச்சியோ என்று ஊதினேன். போகவில்லை. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தேன். அவள் தீயணைக்கும் சிவப்பு உருளையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இது இன்னாடி?"

"இன்னாது?"

"இது!"

"ம்... பொட்டு."

"யாரு வெச்சது?"

"நான்தான் வெச்சேன். காலைல கெளம்பறப்போ. ஊர்ல இருக்குறவ ஒருத்தி பாக்கி இல்லாம அழகு அழகுன்னு சொல்லிட்டுப் போறா. கண்ணு பட்டுடாதா? நாளும் கெழமையுமா இதத் தூக்கிக்கினு வேற போற. பச்சப்புள்ளைக்கு கன்னத்துல வைக்க மாட்டோமா?"

"இது படம்!"

"எவ்ளோ நாள் ஒக்காந்து பெத்த?"

மூன்று வாரம். எழுபது எண்பது இதழ். ஒரு சொட்டுக் கரை தாண்டாமல். காது சூடாகி, கழுத்து நரம்பு துடிப்பது எனக்கே தெரிந்தது. இந்த நேரத்தில் சிஸ்டர் பார்த்திருந்தால் அந்தப் பாதரசம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். "எதுக்கும் இருக்கட்டும்னு டப்பாவையும் எடுத்தாந்திருக்கேன்" என்றாள் அவள், சின்னக் குரலில். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து கண்மை டப்பாவை எடுத்துக் காட்டினாள்.

"அது எதுக்கு?"

"ஆபரேஷன் முடிஞ்சதும் உனக்கும் ஒண்ணு வைக்கத்தான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மீசையும் நரையுமாக, பின்பக்கம் இல்லாத அங்கியில், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு என்னை நினைத்துப் பார்த்தேன். அவளும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க அடக்க வயிறு குலுங்கியது. "சிரிக்காத, குடலு, குடலு!" என்று அவளே குலுங்கிக்கொண்டு சொன்னாள்.

சிரித்து ஓய்ந்து படத்தைப் பார்த்தபோது, அந்தப் பொட்டு அங்கேயே இருந்தது. ஆறு இதழில் ஒன்றில் மட்டும் தனியாக, வழி தப்பி வந்த மாதிரி. இட்லிக் கடை அக்காவின் விரல் நினைவுக்கு வந்தது.

"அந்த டப்பாவக் குடு" என்றேன்.

படத்தை மடியில் வைத்துக்கொண்டேன். மூச்சை உள்ளே இழுத்தபடி விரலை மையில் தொட்டேன். வெளியே விட்டபடி எதிர் இதழில் வைத்தேன். மை ஈரம், பக்கத்து இதழுக்குப் போகக் கூடாது. ஒன்று விட்டு ஒன்று. அவள் பொட்டு இதழின் நடுவில் இல்லை, நுனிப் பக்கம் ஒரு நெல் அளவு தள்ளி இருந்தது. மற்றதையும் அதே ஒரு நெல் தள்ளி வைக்க வேண்டும். அவள் விரல் என் விரலைவிடச் சின்னது, அதனால் நான் சுண்டுவிரலுக்கு மாறினேன். ஒன்று. இழுத்து விட்டேன். இரண்டு. யாரோ என் இடது கையைத் தூக்கி எதன் மேலோ வைத்த மாதிரி இருந்தது. வைத்துக்கொள்ளட்டும், எனக்கு வேண்டியது வலது கைதான். மூன்று. நான்கு. கடைசி இதழுக்கு வந்தபோது ஒரு நெல்லா ஒன்றரை நெல்லா என்று நிதானித்து, மூச்சு முழுக்க வெளியே போகிறவரைக்கும் பொறுத்து, வைத்தேன்.

ஆறு பொட்டு. பூவுக்குக் கண் திறந்த மாதிரி இருந்தது.

நிமிர்ந்தேன். சிஸ்டர் என் இடது கையிலிருந்து பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"எப்ப சிஸ்டர் சுத்துனீங்க?"

"மூணாவது பொட்டுல." சீட்டில் எழுதினார். எழுதியதை என் மனைவி பக்கம் திருப்பிக் காட்டினார். எண் புரிந்ததோ இல்லையோ, சிஸ்டரின் முகம் அவளுக்குப் புரிந்தது. இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "உள்ள கூட்டிக்கினு போலாம்" என்றார் சிஸ்டர்.

எனக்குச் சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"தொறக்காதீங்க!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கண் விழித்துக் கன்னத்தைத் தடவினேன், விரலில் மை ஒட்டியது. சொன்ன கெடுவெல்லாம் இருந்து, டாக்டர் சரி என்ற பிறகு மறுபடி மூட்டை தூக்குகிறேன், சின்ன மூட்டையாக. மாத்திரையும் பூவும் இரண்டும் நடக்கிறது. படம் மில்லில் மெயின் சுவிட்சுக்கு மேலே மாட்டியிருக்கிறது, மாவு படிந்து படிந்து நட்சத்திரம் கூடிக்கொண்டே போகிறது. நான் மூட்டையைத் தொட்டிக்கு ஏற்றுகிற நேரத்தில் என் மனைவி என் ஸ்டூலில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்வாள். வரிசையில் நிற்கிற யாராவது அண்ணாந்து பார்த்து, இந்த ஆறு பொட்டு நல்லாருக்குதே, யார் வெச்சது என்று கேட்டால் போதும்.

"அஞ்சுதான் அவரு வெச்சது. மொதல் பொட்டு என்னுது" என்பாள், மோட்டார் நின்றிருந்தாலும் கத்தியே.